‘சும்மாதான்’ என்று சொல்கிறவன் எதற்குப் போலீஸுக்குப் போகிறான்?

தங்கச்சி, உங்கள் தம்பி எஸ்.பி.எம். பள்ளி இறுதித் தேர்வை முடித்துவிட்டுப் போலீஸுக்கு மனுப் போட்டிருக்கிறான், ஏன்டா என்று கேட்டால் ‘சும்மாதான்’ என்கிறான், அம்மாவுக்குப் பயம், உங்களுக்குக் குழப்பம். ஆட்கள் எதற்காகத்தான் இந்த வேலைக்குப் போகிறார்கள், சேவைக்கா, சம்பளத்துக்கா, இல்லை அந்தச் சட்டை கொடுக்கிற மிடுக்குக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்து, 1980இல் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். இப்போது டவுனில் பையன்களுக்கு மனு நிரப்பிக் கொடுப்பதுதான் பொழுதுபோக்கு, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், ‘சும்மாதான்’ என்று சொன்னதற்காக அவனைத் திட்டாதீர்கள். காரணத்தை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறவன்தான் அப்படிச் சொல்வான். நாங்கள் நேர்முகத் தேர்வுக்குப் போனபோது, ஏன் சேர விரும்புகிறாய் என்று துவான், அதாவது மேலதிகாரி, கேட்டால் ‘நாட்டுக்கும் மக்களுக்கும் சேவை செய்ய’ என்று மலாயில் சொல்ல வேண்டும் என்று ஒரு வாரமாக மனப்பாடம் பண்ணி வைத்திருந்தோம். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பையன், தைப்பிங் பக்கத்துத் தோட்டம், உள்ளே போனதும் பதறிப்போய் ‘சாஜா, துவான்’ என்று சொல்லிவிட்டு வெளியே வந்து தலையில் அடித்துக்கொண்டான். சாஜா என்றால் மலாயில் சும்மாதான். அவன் தேறினான். எனக்கு முன்னால் நின்று அந்தச் சேவை வாக்கியத்தைப் பிசிறில்லாமல் ஒப்பித்தவன் நெஞ்சளவுச் சோதனையில் தேறாமல் அன்றைக்கே வீடு திரும்பினான்.

என்னுடைய காரணத்தையும் அன்றைக்கு யார் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். இப்போது சொல்லலாம். ஒரு நாற்காலி. எனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும். தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் ஷீட்டுக் கட்டுகள் திருடு போய்விட்டன. எங்கள் தோட்டத்து ஆபீஸ் எப்படியென்றால், பெரிய கிராணி, தலைமை எழுத்தர், உள்ளே உட்கார்ந்திருப்பார், செக்ரோல் என்ற நாள் வேலைப் பதிவேட்டில் பேர் விட்டுப்போனதைச் சொல்ல வருகிற ஆட்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேச வேண்டும், தலையில் கட்டிய துண்டு அதற்குள் கைக்கு வந்திருக்கும். அன்றைக்குப் பாலாயிலிருந்து, அதாவது போலீஸ் நிலையத்திலிருந்து, மோட்டாரில் ஒரு தமிழ்க் கொப்பரல் வந்தார். கறுத்த ஆள், பெரிய மீசை, கஞ்சி போட்ட காக்கி. கிராணி எழுந்தார். எழுந்ததோடு நிற்கவில்லை, தானே உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். எங்கள் அப்பாவும் கறுப்புதான், அவருக்கும் மீசை உண்டு, கொப்பரல் பேசியதும் எங்கள் வீட்டுத் தமிழ்தான். ஆனால் அந்த ஆபீஸில் அப்பாவுக்கு யாரும் நாற்காலி போட்டு நான் பார்த்ததில்லை. சட்டைதான் வித்தியாசம் என்று அன்றைக்கே மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

இதை அதிகார ஆசை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். தோட்டத்து மரியாதைக் கணக்கு தெரிந்தவர்கள் அப்படி முடிக்க மாட்டார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலை நிறுத்தத்தில், கூலி உயர்வோடு சேர்த்து வைத்த கோரிக்கைகளில் ஒன்று என்ன தெரியுமா? துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்துங்கள் என்பது. சைக்கிளில் உட்கார்ந்தபடியே போகிற உரிமைக்காக ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு நின்ற ஊர் இது. அவர்களை அடக்க வந்ததும் துப்பாக்கி பிடித்த படைதான், சுட்டதில் தொழிலாளிகள் செத்தார்கள். அதனால் எங்கள் பெரியவர்களுக்கு உடுப்பைப் பார்த்தாலே இரண்டு மனசு. கிட்ட வந்தால் பயம், நம்ம பிள்ளை ஒருத்தன் அதைப் போட்டுக்கொண்டு லயத்துக்குள், தோட்டத்து வரிசை வீடுகளுக்கு நடுவே, நடந்து வந்தால் என்ற ஆசை.

மரியாதைக்கு அடுத்தது, பல பேருக்கு அதற்கும் முன்னால், மாதச் சம்பளம். டவுனில் பிறந்தவர்களுக்கு இது சப்பென்று இருக்கும். பால் வெட்டு நாள் கூலி. வெயில் ஏறுமுன் அந்தக் குளிரில்தான் பால் நன்றாக ஓடும், அந்த நேரம் பார்த்து மழை பிடித்தால் பட்டை நனைந்து, பால் வெட்டுக் கோட்டில் நிற்காமல் மரமெல்லாம் வழிந்துவிடும், மரத்தில் கட்டிய மங்கில் சேருவது தண்ணீர்தான். அன்றைக்கு வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் காசு இல்லை. அடைமழை மாதத்தில் விடியற்காலை தகரக் கூரையில் சத்தம் கேட்டால் அம்மா எழுந்திருக்காமல் அப்படியே படுத்திருப்பார், தூங்க மாட்டார். மழை பெய்தாலும் சம்பளம் வரும் என்பதுதான் எங்களுக்கு அரசாங்க வேலை என்ற சொல்லின் அர்த்தம். நாட்டுப்பற்று எல்லாம் அப்புறம்.

வீடு இன்னொன்று. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனாலும் சரி, வயதாகி நின்றாலும் சரி, வீட்டைக் காலி பண்ண வேண்டும், பிள்ளைகளில் ஒன்று அதே தோட்டத்தில் பேர் போட்டிருந்தால்தான் தப்பிக்கலாம். தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டமாகும்போது மூன்று தலைமுறை இருந்த குடும்பங்கள் டவுன் ஓரத்துப் புறம்போக்கில் பலகை வீடு கட்டிக்கொண்டு போனதை இந்த நாட்டில் பார்க்காத தமிழன் கிடையாது. எங்களுக்கும் அது நடந்தது, தோட்டத்தின் பேர் வேண்டாம், விடுங்கள். போலீஸில் சேர்ந்தால் குவார்ட்டர்ஸ் உண்டு, உறுதியான பிறகு அரசாங்க வீட்டுக் கடன் உண்டு, எங்கள் காலத்தில் சேர்ந்தவர்களுக்கு ஓய்வூதியமும் உண்டு. அந்தக் கடனில்தான் நான் இங்கே தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், மாடி இல்லாத வீடு ஒன்று வாங்கினேன். அதுவரை இருந்த போலீஸ் குவார்ட்டர்ஸும் வேலையோடு ஒட்டிய வீடுதானே என்று எனக்கு உறைக்கவே பத்து வருடம் ஆனது. லயத்திலிருந்து தப்பித்து நான்கு மாடி லயத்துக்குக் குடிவந்திருக்கிறேன்!

இதே மாதிரி இன்னொரு வேடிக்கையும் உண்டு. தோட்டத்தில் விடியுமுன் ஆட்கள் வரிசையாக நின்று பேர் கொடுத்து, இன்றைக்கு எந்த நிரை என்று கேட்டுக்கொள்வதற்குப் பெரட்டு என்று பேர். அம்மா இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்கு ஓடுவதைப் பார்த்துப் பார்த்து, இந்தப் பிழைப்பு வேண்டாம் என்றுதான் நான் மனுப் போட்டேன். கோலாலம்பூரில் போலீஸ் பயிற்சி மையம், அப்போது குர்னி ரோடு என்போம், பிறகு ஜாலான் செமாராக். அங்கே முதல் நாள் விடியுமுன் விசில் ஊதி, இருட்டில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார்கள். ‘பரேட்’ என்ற சொல்தான் எங்கள் தாத்தாமார் வாயில் பெரட்டு ஆகியிருக்கிறது என்று அந்த வரிசையில் நின்றபோதுதான் தெரிந்தது. எதற்குப் பயந்து ஓடி வந்தேனோ அதன் தாய்வீட்டில் போய் நின்றேன்.

சரி, இது எங்கள் தோட்டத்துக் கதை மட்டும்தானா என்றால், இல்லை. அமெரிக்காவில் நியூயார்க் போலீஸ் அகாடமியில் பயிற்சியில் இருந்த 278 பேரிடம் கேட்டு ரகனெல்லா, ஒயிட் என்ற இருவர் 2004இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். முன்னால் நின்ற காரணங்கள்: மற்றவர்களுக்கு உதவுவது, வேலை நிரந்தரம், சலுகைகள். ஆண் பெண், வெள்ளையர் கறுப்பர் என்று பார்த்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. நியூயார்க்கிலும் ஆட்கள் சம்பள நாளைப் பார்த்துத்தான் சேர்ந்திருக்கிறார்கள் என்று படித்தபோது எனக்கு ஒரு ஆறுதல். ஆறு வருடம் கழித்து மறுபடி கேட்டபோதும் சொன்ன காரணங்கள் அநேகமாக மாறவில்லை, ஆனால் எதை எதிர்பார்த்து வந்தார்களோ அது கிடைக்காதவர்கள் வேலையில் மனக்குறையோடு இருந்தார்கள். ஒன்று மட்டும் என் அபிப்பிராயமாகச் சொல்கிறேன். பயிற்சி மையத்துக்குள் உட்கார்ந்துகொண்டு ‘உதவி செய்ய’ என்று கோடு போடுகிறவனை நான் பாதிதான் நம்புவேன், நாங்களும் அதைத்தானே ஒப்பித்தோம். ‘நிரந்தரம்’ என்று போடுகிறவனை முழுசாக நம்புவேன். அதைப் பெருமைக்காக யாரும் சொல்ல மாட்டார்கள்.

துப்பாக்கி, மோட்டார், சினிமா போலீஸ், இதற்காக வருகிறவர்களும் உண்டு. நம் ஊர்ப் பையன்களுக்கு உலு கிந்தா பக்கத்தில்தானே பொது நடவடிக்கைப் போலீஸ் படையின் முகாம், லாரி லாரியாகப் போவதைப் பார்த்தே வளர்கிறார்கள். இந்த ஆசை ஆறு மாதம்கூடத் தாங்காது. வேலையில் பாதி எழுத்து வேலை என்று யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. அப்பா போலீஸ், தாத்தா போலீஸ் என்று வருகிறவர்கள் வேறு ரகம், சீக்கியக் குடும்பங்களில் இது நிறைய, அவர்களுக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை, கெட்டதும் தெரிந்தே வருவார்கள். 2018 வாக்கில் டத்தோஶ்ரீ தெய்வீகன் பினாங்கு மாநிலப் போலீஸ் தலைவராக இருந்தபோது அவர் பேரைச் சொல்லிக்கொண்டு என்னிடம் மனு நிரப்ப வந்த பையன்கள் உண்டு. நம்ம ஆள் ஒருத்தர் மேலே உட்கார்ந்திருப்பது கீழே இருக்கிறவனுக்கு ஏணி மாதிரி, ஏறுகிறானோ இல்லையோ, சாய்த்து வைத்திருக்கிறது என்று தெரிகிறதல்லவா.

இப்போது கொஞ்சம் கசப்பான இடம். நாற்காலிக்காக வருகிற அதே பசிதான் இன்னொரு பக்கமும் இழுக்கிறது. 2013இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அதில் எண்ணைப் பேராக வைத்திருக்கிற கும்பல்களில் நம் பையன்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். என் லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வளர்ந்த இரண்டு பேர், ஒன்றாகப் பந்து உதைத்தவர்கள், ஒருத்தன் என்னோடு மனுப் போட்டான், இன்னொருத்தன் நெஞ்சில் எண்ணைப் பச்சை குத்திக்கொண்டான். குணத்தில் இரண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. யாராவது தன்னைப் பார்த்தால் எழுந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான் இரண்டு பேருக்கும் தேவை. சொல்லப்போனால் சட்டை போட்டுக்கொண்டு வந்தவனிடம்தான் நான் அதிகம் பயந்தேன். பழைய அவமானத்துக்கு வட்டி வசூலிக்க வந்தவன் லோக்கப்பில் கை நீட்டுவான், ரோட் ப்ளாக்கில் கோப்பி காசு என்ற லஞ்சத்துக்கும் கை நீட்டுவான். அப்படிப்பட்டவர்களோடு வேலை பார்த்திருக்கிறேன், நிலையத்தின் பேர் சொல்லப் போவதில்லை, நான் வாய் திறக்காமல் இருந்த இரவுகளும் உண்டு.

அதனால் உங்கள் அம்மா பயப்படுவதை அறியாமை என்று தள்ளாதீர்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இந்தப் பயம் பரம்பரைச் சொத்து. 1948 ஜூன் 16ஆம் தேதி இதே சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டதோடுதான் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க அறிவித்த அவசரகாலம் பிறந்தது, 1960 வரை பன்னிரண்டு வருடம். பெரியப்பா அப்போது எஸ்.சி., அதாவது ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து தோட்டத்து வாசலில் துப்பாக்கியோடு நின்றார். எதற்குச் சேர்ந்தீர்கள் என்று கேட்டால், கூலி தவறாமல் வந்தது என்பார். மழைக்காலத்திலும். அதே சமயம் போலீஸ் வந்து லயத்தைக் கலைத்துச் சோதனை போட்டதையும் அவர்தான் சொல்வார். பிறகு நம் காலத்தில் 2009இல் குகன் என்ற இளைஞர் போலீஸ் தடுப்புக் காவலில் இறந்தது, அதன் பிறகு எத்தனையோ அம்மாக்கள் மனுவைக் கிழித்துப் போட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. போலீஸ் படையைச் சீர்திருத்த 2004இல் அமைத்த அரச விசாரணை ஆணையம் அடுத்த வருடம் 125 பரிந்துரைகள் கொடுத்தது, சுயேச்சையான கண்காணிப்பு அமைப்பு வேண்டும் என்று அதிலேயே இருந்தது, 2023 ஜூலையில்தான் அதன் இளைத்த வடிவம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. படையில் இந்தியர்கள் நூற்றுக்குச் சில பேர்தான். கூப்பிடவில்லை என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள், வரவில்லை என்று இன்னொரு பக்கம், இரண்டிலும் உண்மை இருக்கிறது.

பெண் பிள்ளைகள் வருவது வேறு வழியில். இந்த நாட்டில் பெண்கள் போலீஸில் நுழைந்தது 1955இல். தோட்டத்துப் பெண்கள் வர அதற்கப்புறமும் நெடுநாள் ஆனது. கள்ளுக்கடை சாத்துகிற நேரத்துக்கு மேல் லயத்தில் கேட்கிற சத்தம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். நான் சேர்ந்த காலத்தில் அடிபட்ட பெண் பாலாய்க்கு வந்தால் ‘குடும்ப விஷயம், போய்ப் பேசித் தீர்த்துக்கொள்’ என்று அனுப்புவோம், நானும் அனுப்பியிருக்கிறேன். 1994இல் குடும்ப வன்முறைச் சட்டம் வந்து 1996இல் நடைமுறைக்கு வந்த பிறகுதான் அப்படி அனுப்ப முடியாமல் போனது. அப்படி ஒரு அம்மாவோடு பாவாடையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்ற ஒரு சின்னப் பெண் பின்னாளில் என் கையாலேயே மனு நிரப்பிக்கொண்டு போனாள். அவளிடமும் ஏன் என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ‘தெரியாத மாதிரி கேக்கிறீங்களே அங்கிள்’ என்றாள்.

நான் ஏன் சேர்ந்தேன் என்பதையும் ஏன் விடாமல் இருந்தேன் என்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சேர்ந்தது நாற்காலிக்கு, மழைக்கு, வீட்டுக்கு. ஏழாவது எட்டாவது வருடம் விட்டுவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது, சிங்கப்பூரில் செக்யூரிட்டி வேலைக்கு ஆள் எடுத்தார்கள். அப்போது நான் ஜொகூர் பக்கம் ஒரு நிலையத்தில். ஒரு மத்தியானம் ஒரு பாட்டி வந்தார், தோட்டத்துப் பாட்டி, வெற்றிலைக் கறை, இடுப்பில் சுருக்குப் பை. ஐ.சி., அதாவது அடையாள அட்டை, தொலைந்துபோய் ரிப்போர்ட் எழுத வந்திருக்கிறார், மலாய் வராது, கவுண்டரில் இருந்தவருக்குத் தமிழ் வராது, அதற்கு முன்னால் இரண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பஸ் காசு. நான் அந்தப் பக்கம் போனது தற்செயல். ‘என்ன ஆத்தா’ என்றேன், அவ்வளவுதான், அவர் தொலைத்த கதையை ஆரம்பத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தார், எந்தக் கடையில், எந்தப் பையில், யார் கூட வந்தது. இருபது நிமிடத்தில் ரிப்போர்ட் முடிந்தது. நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள் என்றேன். அவர் உட்காரவில்லை. நான்கு முறை சொன்னேன். கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றபடியேதான் சொல்லி முடித்தார். சிங்கப்பூர் மனுவை நான் அனுப்பவில்லை.

உங்கள் தம்பிக்கு வருவோம். ஏன் சேருகிறாய் என்று கேட்பதை நிறுத்துங்கள், எது வேண்டாம் என்று ஓடுகிறாய் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வரும். தொழிற்சாலை ஷிப்டா, கடன்காரனா, அப்பாவின் குடியா, தெருவில் எவனாவது கை ஓங்கினானா. கடைசியில் சொன்னதுதான் காரணம் என்றால் மட்டும் என்னிடம் அனுப்புங்கள், நான் கொஞ்சம் பேசிப் பார்க்கிறேன். மற்றபடி, மனுவுக்கு ஒரு காசு கட்டணம் கிடையாது, இத்தனை ஆயிரம் வெள்ளி கொடுத்தால் உள்ளே தள்ளிவிடுகிறேன் என்று எவனாவது வந்தால் அவன் மேல்தான் முதல் ரிப்போர்ட் எழுத வேண்டும். மலாயைப் பேசிப் பழகட்டும், எழுதத் தெரிந்தால் போதாது. ஆணுக்கு உயரம் 163 சென்டிமீட்டர், செருப்பில்லாமல் சுவரோடு நிறுத்தி அளந்து பாருங்கள். நிறக்குருடு இல்லையென்று முன்கூட்டியே கண்ணைக் காட்டிவிடுங்கள், கடைசி நேரத்தில் அதில் விழுகிறவர்கள் அதிகம். அப்புறம், நெஞ்சளவு எடுக்கும்போது மூச்சை முழுசாக இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள், பதட்டத்தில் பாதியிலேயே விட்டுவிடுவார்கள். அந்தச் சேவை வாக்கியத்தை அழகாகச் சொன்னவன் அப்படித்தான் திரும்பிப் போனான்.